சாடியில் ஒரு தோட்டம்: அந்தூரியம் வளர்ப்போம்

காணியை விட்டு வந்த எமக்குப் பயிர்செய்ய நிலம் இல்லாவிட்டாலும், பயிர்செய்து பழகிய கைகள் உண்டு. விறாந்தையில் நாலு சாடி வைக்க இடமிருந்தால் அந்தூரியம் வளர்க்கலாம். இடம் மாற நேர்ந்தால் சாடியோடு தூக்கிச் செல்லலாம்.

ஆனால் வயலில் பழகிய முறை இங்கு உதவாது. நெல்லுக்குத் தண்ணீர் கட்டுகிறோம். அந்தூரியத்துக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தென் அமெரிக்காவின் கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகளில் மரநிழலில், மரங்களைப் பற்றி வளரும் இனம் இது. எனவே அதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்.

சாடி நிரப்புதல்

அடியில் துளையுள்ள சாடியில் மூன்றிலொரு பங்குக்கு உடைந்த ஓடு, செங்கல் துண்டு, கரி ஆகியவற்றை இடுவோம். அதன்மேல் பொச்சுமட்டைத் துண்டுகளையும், நன்கு உக்கிய மாட்டெருவையும் கலந்து நிரப்புவோம். களிமண் வேண்டாம். அந்தூரியம் உப்பைத் தாங்காது. ஆகவே உப்புநீரில் ஊறிய மட்டையை நன்னீரில் பலமுறை அலசவேண்டும். உவர்க் கிணற்று நீருக்குப் பதிலாகச் சேமித்த மழைநீரை ஊற்றுவது நன்று.

வெளிச்சமும் நீரும்

நேர்வெயில் இலையைக் கருக்கும். இருட்டு மூலையில் வைத்தால் இலை வரும், பூ வராது. கிடுகு மறைப்பினூடாக வெளிச்சம் விழும் கிழக்குப் பக்கம் ஏற்றது. தகரக் கூரையின் வெக்கை படும்படி உயரத்தில் தொங்கவிடக் கூடாது. விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுவோம்.

இலையைக் காப்போம்

ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு பூ வரும். இலை கெட்டால் பூவையும் இழப்போம். இலையோரம் நீர்கோத்த புள்ளிகள் தோன்றி, மஞ்சளாகிக் கருகினால் பக்ரீரியா நோயாக இருக்கலாம். அக்கன்றைப் புறம்பாக வைத்து, நோயுற்ற இலைகளை வெட்டி எரித்து, கத்தியைக் கொதிநீரில் இடுவோம். இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சிறுபிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாதபடி வைப்போம்.

விற்பனைக்கு

பூவின் நடுத்தண்டு பாதிக்குமேல் நிறம் மாறியபின் வெட்டினால், இரண்டு வாரமளவில் வாடாது நிற்கும். வேர்விட்ட பக்கக்கன்றுகளைப் பிரித்து வேறு சாடிகளில் நடலாம். ஒரு வீட்டில் பிரித்த கன்றை அயல்வீட்டுக்கும் கொடுத்தால், பல வீட்டுப் பூக்களைச் சேர்த்து ஒன்றாகச் சந்தைக்கு அனுப்பலாம்.

கலந்துரையாடுவோம்

1. எம் வீட்டில் நேர்வெயில் படாமல் வெளிச்சம் விழும் இடம் எது?
2. மழைநீரைச் சேமிக்க எம்மிடம் என்ன பாத்திரங்கள் உள்ளன?
3. பூக்களை ஒன்றுசேர்த்து விற்கும் பொறுப்பை யார் ஏற்பது?