‘டிரான்ஸ்பரன்ட்’ ப்ராக்ஸி: யார் கண்ணுக்குத் தெரியாது?

இந்த எபிசோடில் ‘டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி’ என்ற சொல் அடிக்கடி வந்தது. அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் மீதி விளங்கும்.

1999-இல் வந்த ஹெச்டிடிபி 1.1 தரநிலைப்படி, நீங்க கேட்டதையும் சர்வர் அனுப்பினதையும் மாத்தாமக் கடத்துறதுதான் டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி. பிரவுசர் செட்டிங்கில் அதன் முகவரியை நீங்களே போட்டிருக்கலாம், அது பிரச்சினையில்லை.

நெட்வொர்க் வேலை செய்யிறவங்க சொல்றது வேற. எந்த செட்டிங்கும் போடாமலே, போர்ட் 80-க்குப் போற டிராஃபிக்கை ரௌட்டர் பிடிச்சு ப்ராக்ஸிக்குத் திருப்பி விடும். பிரவுசரோ நேரா சர்வரோட பேசறதா நினைச்சுக்கும். இதுக்குப் பொருத்தமான பேர் இன்டர்செப்டிங் ப்ராக்ஸி. இது பக்கத்தை மாத்தலாம், மறைக்கலாம். அதையும் ‘டிரான்ஸ்பரன்ட்’னு கூப்பிடறது கொஞ்சம் அநியாயம்தான்!

2008 டிசம்பரில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்க. விக்கிபீடியாவில் ஒரு பழைய இசை ஆல்பத்தின் அட்டைப்படம் இருந்த பக்கத்தை இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த ஒரு பக்கத்தை மறிக்க, சில ஐஎஸ்பிக்கள் விக்கிபீடியாவுக்குப் போற டிராஃபிக் முழுசையும் ப்ராக்ஸி வழியா அனுப்பின. விளைவு? எக்கச்சக்கமான ஆட்கள் ஒருசில ஐபி முகவரிகளில் இருந்து வர்ற மாதிரி விக்கிபீடியாவுக்குத் தெரிஞ்சது. யாரோ ஒருத்தர் செய்த குறும்புக்கு அந்த ஐபியைத் தடுத்தா, கணக்கில்லாம எடிட் செய்யிற எல்லாருக்கும் கதவு மூடிப்போகும். அப்படித்தான் ஆச்சு. நாலு நாளில் பட்டியலில் இருந்து பக்கத்தை எடுத்துட்டாங்க.

இப்போ பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ். நடுவுல நிக்கிற ப்ராக்ஸிக்குப் பொதுவா நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு தெரியும். என்ன வாசிக்கிறீங்கன்னு தெரியாது. உள்ளே பார்க்கணும்னா, அதன் சான்றிதழை உங்க சாதனம் நம்பணும். அதனாலதான் சில பள்ளிக்கூட, ஆபீஸ் வைஃபையில் “இந்த சர்டிஃபிகேட்டை இன்ஸ்டால் செய்யுங்க”ன்னு கேட்பாங்க. அவங்க குடுத்த லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருக்கலாம். உங்க சொந்த போனில் போடறதுக்கு முன்னாடி யோசியுங்க: அந்த நெட்வொர்க்கில் நீங்க டைப் பண்ற பாஸ்வேர்டும் அவங்களுக்குத் தெரியலாம்.

சந்தேகமா? லேப்டாப் பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருக்கிற ஐகானைத் தட்டி, சான்றிதழை யார் வழங்கினாங்கன்னு பாருங்க. அங்கே பள்ளிக்கூடத்தின் பேரோ கம்பெனியின் பேரோ இருந்தா, நடுவுல ஆள் இருக்கு.