முதல் கப்பல் பயணம்: கரீபியனா, கிள்ளான் துறைமுகமா?

தைப்பூசம் முடிந்த வாரம், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பழைய வாடிக்கையாளர் ஒருவரைக் குடும்பத்தோடு பார்த்தேன். அதே சாலையில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டிக்கெட் போட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் பார்த்தால் மக்களுக்குப் பயணக் கேள்விதான் வாயில் வரும். அவரும் இலையில் ரசம் ஊற்றி முடிப்பதற்குள் கைப்பேசியை நீட்டினார். மயாமியிலிருந்து ஏழு இரவு, ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பல். ஐந்து பேர்: அவர், மனைவி, எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மகன், பன்னிரண்டு வயது மகள், எழுபத்தெட்டு வயது அம்மா. இவர்களில் ஒருவர்கூட இதுவரை கப்பலில் ஓர் இரவு தங்கியதில்லை, பாட்டியைத் தவிர. பாட்டியின் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

“ஏன் தம்பி கரீபியன்?” என்று கேட்டேன்.

“இவ அக்கா வீட்டுல போய்ட்டு வந்துட்டாங்கக்கா. பிள்ளைங்க அதே கப்பல்தான் வேணுங்கறாங்க.”

பணம் பாதி ஈ.பி.எஃப். மூன்றாவது கணக்கிலிருந்து, மீதி கிரெடிட் கார்டில். 2024 மே மாதம் அந்த ‘ஃபிளெக்சிபல்’ கணக்கு வந்ததிலிருந்து இப்படிப்பட்ட பயணக் கணக்குகளை நிறையக் கேட்கிறேன். அன்று அவரிடம் சொன்னதையும் சொல்ல நேரம் கிடைக்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதே யோசனையில் இருக்கும் குடும்பங்கள் அவருடையது மட்டுமில்லை.

நம் ஊரிலிருந்து என்னென்ன வழிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர் மரினா பே முனையத்துக்குப் போய் மூன்று, நான்கு இரவுக் கப்பல் ஏறலாம். பூலாவ் இண்டாவில் இருக்கும் கிள்ளான் துறைமுகப் பயணிகள் முனையத்தில் கப்பல் வரும் நாள் பார்த்து இங்கேயே ஏறலாம். விமானத்தில் போய் மத்தியதரைக் கடலிலோ அலாஸ்காவிலோ ஏறலாம். முதல் இரண்டில் எது சரி என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தேதி எது ஒத்துவருகிறதோ அது. சிங்கப்பூர் என்றால் பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாலத்தில் மாட்டிக்கொள்ளும் நேரத்தையும் கணக்கில் வைத்து, முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். மத்தியதரைக் கடல் இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு அருமையான இடம். கரீபியனைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். இப்போது எல்லோருடைய கைப்பேசியிலும் அதுதான் இருக்கிறது.

அந்தக் கப்பல் பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்டது. மொத்தக் கொள்ளளவு இரண்டரை லட்சம் கிராஸ் டன்னுக்குச் சற்றுக் குறைவு. இருபது தளங்கள். நிரம்பினால் 7,600 பயணிகள். ஆனால் அதில் கால் வைப்பதற்கு முன் நம்மவர்கள் கடக்க வேண்டியதைப் பாருங்கள். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கட்டாயம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இருக்கும் சலுகை நமக்குக் கிடையாது. துன் ரசாக் சாலைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 185 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. ஐந்து பேருக்கு 925 டாலர். ஒருவருக்கு மறுத்துவிட்டால் மற்ற நால்வரும் என்ன செய்வார்கள்? கப்பலுக்கு முன்பணம் கட்டிய பிறகு இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு முன்னால் அழுத பெண்மணி ஒருவரை நான் மறக்கவில்லை. மறுக்கப்பட்டது அவருடைய மகனுக்கு, வயது இருபத்திரண்டு.

பிறகு விமானம். கோலாலம்பூரிலிருந்து மயாமிக்கு நேர் விமானம் இல்லை. தோஹா வழியாகப் போனாலும் இருபத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாது. போய் இறங்கினால் இங்கே பகல், அங்கே இரவு. கோடையில் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்று. உடம்பு அதற்குப் பழகவே ஒரு வாரம் பிடிக்கும். கப்பல் பயணமே ஒரு வாரம்தான்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 2017-ல் நானும் கணவரும் மாமியாரும் மயாமியிலிருந்து கப்பல் ஏறினோம். கப்பல் நன்றாகத்தான் இருந்தது. விமானத்தில் போட்ட பெட்டி ஒன்று வந்து சேரவில்லை. மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையும் பருத்திச் சேலைகளும் அதில்தான் இருந்தன. கப்பல் பெட்டிக்காகக் காத்திருக்காது. முதல் நான்கு நாட்கள் பகலெல்லாம் அத்தை தூங்கினார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். அவருக்குத் துணையாக ஆளில்லாத மேல்தளத்தில் போர்வையோடு நான் உட்கார்ந்திருந்த இரவுகள்தான் எனக்கு அந்தக் கரீபியன். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் ஒருவழியாக அவரை எழுப்பி, கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். வெயில், தென்னை, வெள்ளை மணல். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம பங்கோரு மாதிரிதானே இருக்கு” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. பனியில் உறைந்த நாட்டிலிருந்து வரும் அமெரிக்கருக்கு ஜனவரி மாத வெயிலும் தென்னையும் சொர்க்கம். லுமுட்டில் படகேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் அதே வெயிலையும் தென்னையும் பார்க்கிற நமக்கு?

பருவமும் ஒத்துழைக்காது. அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் சிக்கும் கப்பல் பாதையை மாற்றும், துறைமுகத்தை விட்டுவிடும். புயல் முடிந்து நமக்கு ஆண்டிறுதி விடுமுறை வரும்போது அங்கே கிறிஸ்துமஸ் கூட்டம், விலை உச்சிக்குப் போயிருக்கும். போதாததற்குக் கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஒரு நாளுக்கு ஆளுக்கு 18 டாலர் அளவில் கணக்கில் ஏறும். ஐந்து பேர், ஏழு நாள்: 630 டாலர். விளம்பரத்தில் காட்டும் விலையில் இது இருக்காது. இணையம், கரையிறங்கிச் சுற்றுவது, சில உணவகங்கள் எல்லாவற்றுக்கும் தனிப் பணம்.

கரீபியனுக்குப் போகவே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. அங்கே நாம் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு, மயாமியிலிருந்து கிளம்பும் வழக்கமான கப்பல்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகள். நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு வந்ததுபோல, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு அங்கே போனவர்கள் உண்டு. ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் 1853-ல் மார்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை. குவாதலூப்பில் கப்பெஸ்தேர் அருகே சாங்கி என்ற இடத்தில் கோபுரம் வைத்த கோயிலே இருக்கிறது. குளிர்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் சில அந்தத் தீவுகளிலிருந்தே புறப்படுகின்றன, பாரிசிலிருந்து விமானமும் உண்டு. பத்தாண்டு கழித்து, பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, இதற்கென்றே ஒரு பயணம் போங்கள். நானும் அதற்காகத்தான் சேமிக்கிறேன்.

முதல் பயணத்துக்கு என் வாக்கு மலாக்கா நீரிணைக்கு. மூன்று அல்லது நான்கு இரவு, பினாங்கில் நிற்கும் கப்பல். இதில் எனக்குப் பாசம் கலந்திருக்கிறது. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ ஏறி வந்தவர். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய, எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பல் அது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது 1972-ல் பெயர் மாறிய நம் கிள்ளான் துறைமுகம்தான். மேல்தட்டில் பாய் விரித்து ஒரு வாரம் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதன்பின் ‘சிதம்பரம்’ ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நமக்கு முடிந்துபோனது. அதே நீரிணையில் பிள்ளைகளோடு ஒரு முறை போவதற்கு ஈடாக வேறொன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

பாசத்தை ஒதுக்கிவைத்தாலும் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் தீபகற்பம். அதனால் நீரிணையில் அலை பொதுவாக அடங்கியே இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக்கரையில் கடல் கொந்தளிக்கும்போதும் இந்தப் பக்கம் அமைதி. புக்கெட்டும் சேர்ந்த பயணம் என்றால் மே முதல் அக்டோபர் வரை ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அங்கே பெரிய கப்பல்கள் கடலில் நின்று சிறு படகில் ஆளை இறக்குவது வழக்கம், அலை எழும்பினால் இறங்கவே முடியாது. பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. அங்குள்ள சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுன் நடுவிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னும் கொஞ்சம் நடந்தால் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில், 1833-ல் எழுந்தது. பசியாறிவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். வண்டிச் செலவுகூட இல்லை.

எங்கும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல்களை முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ‘டிஸ்னி அட்வென்சர்’ அப்படிப்பட்டது. கெந்திங் ஹாங்காங் நிறுவனத்துக்காக ஜெர்மனியில் கட்டத் தொடங்கி, 2022-ல் அந்த நிறுவனம் நொடித்துப் போனபின் டிஸ்னி வாங்கி முடித்த கப்பல் அது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாத ஒருவர் குடும்பத்தில் இருந்தால், நடுவில் ஒரு நாள் தரையில் கால் ஊன்ற வழியில்லை.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லாத அறை போதும், பகலில் அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? நால்வர் அறை என்றால் இரண்டு கட்டில்கள் மேலே தொங்கும், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். பாட்டிக்கு எந்தக் கட்டில் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சைவச் சாப்பாட்டைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். மருந்தும் ஒரு மாற்று உடையும் கைப்பையில்தான் வர வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகக் கப்பலில் இடமில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, உங்கள் குடும்பத்துக்குக் கப்பல் ஒத்துவருமா என்பது. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு நீண்ட வாரஇறுதியில் கோலா கெடாவிலிருந்து லங்காவிக்குப் படகில் போய் வாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய கப்பலைவிட அந்தப் படகு அதிகமாகவே ஆடும். அதில் யார் முகம் வெளுக்கிறது, யார் ஜன்னலை விட்டு நகராமல் கடலைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். மோரிப் கடற்கரையில் ஒரு மாலை முழுதும் ஒன்றும் செய்யாமல் உட்கார உங்கள் வீட்டில் யாருக்கு முடியும் என்றும் பாருங்கள். கப்பலில் பாதி நேரம் அதுதான். நாளுக்கு நான்கு இடம் பார்த்தால்தான் போன காசுக்குப் பயன் என்று நினைக்கும் குடும்பத்துக்கு ரயிலோ வேனோ நல்லது. அதில் குறை ஒன்றும் இல்லை. படிவம் நான்கில் அறிவியல் பாடங்களை எடுத்தே ஆக வேண்டும் என்று, கைவேலையில் கெட்டிக்காரனான பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத் தள்ளிவிடுகிறோமே, அதே தவறை விடுமுறையிலும் செய்ய வேண்டாம். அக்கா குடும்பத்தின் உடம்பு வேறு, வருமானம் வேறு, பிள்ளைகளின் வயது வேறு. ஓராண்டு பொறுங்கள். சேமநிதியைத் தொடாமல், மாதாமாதம் தனியாக ஒதுக்கிய பணத்தில் போகும் பயணத்தில் மனம் லேசாக இருக்கும்.

போன வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். ஐகானை விட்டுவிட்டார்களாம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு மூன்று இரவுக் கப்பல் பார்த்திருக்கிறார்களாம். மகன் இன்னும் கோபத்தில் இருக்கிறான், மகள் நீச்சல் குளம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவருடைய அம்மாதான் போனை வாங்கி என்னிடம் பேசினார். ஐந்து வயதில், தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரஜுலாவிலிருந்து இறங்கியவர் அவர்.

“பினாங்குல நிக்குமாம்மா இது? காலைலயா, ராத்திரியா?”

காலையில்தான், ஏழு மணிக்கு, என்றேன்.

“அப்ப அஞ்சு மணிக்கே எழுப்பிவிடச் சொல்லு. கரை வர்றத நான் பாக்கணும்.”