தசைனுக்கு ஊரிலேயே இரு

அன்புள்ள தம்பிக்கு,

நேபாள மலைக் கிராமப் பள்ளிக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும். தசைன் விடுமுறைக்குப் போகரா பக்கம் மலையேறப் போகலாமா, சென்னை வந்து திரும்பலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். முதல் வருஷம் ஊரிலேயே இரு.

நம் நவராத்திரி நாட்களில்தான் தசைன் வருகிறது. அதற்காகக் கொலுவையும் சுண்டலையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதே. அங்கே அது பௌர்ணமி வரை 15 நாள் நீளும். பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்ப, காட்மாண்டு வெறிச்சோடிக் கிடக்கும். முதல் நாளான கடஸ்தாபனா அன்று வெயில் படாத பூஜை அறையில் வாற்கோதுமை விதைப்பார்கள். பத்தாம் நாள் அது வெளிர்மஞ்சளாக உயர்ந்து நிற்கும். இதுதான் ஜமரா. முளைப்பாரி பார்த்து வளர்ந்த உனக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். விஜயதசமியன்று வீட்டுப் பெரியவர் அரிசி, தயிர், சிந்தூரம் குழைத்த டீகாவை இளையவர் நெற்றியில் அப்பி, ஜமராவைக் கொடுத்து, ஆசி சொல்லி, கையில் கொஞ்சம் காசு வைப்பார்.

இதை நன்றாகக் கவனி. டீகாவும் காசும் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு வருபவை. வருஷம் முழுக்க அந்த ஊருக்கு நீ சொல்லித்தருகிறவன், கொண்டுவந்து தருகிறவன். அன்றைக்கு மட்டும் வயதில் சின்னவன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாட்டி 10 ரூபாய் நீட்டினால் குனிந்து வாங்கிக்கொள். ‘எனக்கு எதற்கு, குழந்தைகளுக்குக் கொடுங்கள்’ என்று பெருந்தன்மை காட்டாதே. பண்டிகை நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பென்சிலும் மிட்டாயும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் உண்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பேரனுக்கென்று ஒரு கிழவர் எடுத்து வைத்த நோட்டுக்கு அங்கே மதிப்பில்லாமல் போய்விடுகிறது.

கொடுத்தே தீர வேண்டுமென்றால் திகார் வரை பொறு. தீபாவளியை ஒட்டி வரும் ஐந்து நாள் பண்டிகை அது. காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள் என்று போய், கடைசி நாள் பாய் டீகா. அக்கா தங்கைகள் சகோதரனுக்கு ஏழு நிறத்தில் டீகா இட்டு வாடாமல்லி மாலை போடுவார்கள். உன்னையும் ஒரு வீட்டில் தம்பியாக உட்கார வைத்தால் அந்த அக்காவுக்குப் பரிசு தருவது உன் முறை. அந்த உறவு நீ ஊர் திரும்பியதும் அறுந்துவிடாது என்பதையும் தெரிந்துகொண்டு உட்கார்.

எல்லா வீட்டிலும் தசைன் கிடையாது. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் டீகா இருக்காது. ராய், லிம்பு, மகர் மக்களில் சிலர் சிவப்புக்குப் பதில் வெள்ளை டீகா இடுவார்கள். 1990க்குப் பிறகு, இது மன்னராட்சி தங்கள்மேல் சுமத்திய பண்டிகை என்று சொல்லி ஒதுக்கியவர்களும் உண்டு. கேட்டுவிட்டுப் போ.

சாதி விஷயத்தில் தெரியாதவன்போல நடிக்க உன்னால் முடியாது. யார் திண்ணையோடு நிற்கிறார், யார் உள்ளே போகிறார் என்பது தமிழ்நாட்டுக்காரனுக்கு முதல் நாளே புரிந்துவிடும். பண்டிகைக்குத் துணி தைப்பதும் வாத்தியம் வாசிப்பதும் தமாய் சாதியாரின் தொழில். அவர்களை வீட்டுக்குள் விடாத வழக்கம் பல கிராமங்களில் இன்னும் இருக்கிறது. 2011இல் தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டமே வந்த பிறகும் இதுதான் நிலை. நீ பிரசங்கம் செய்ய வேண்டாம். டீகாவுக்குப் பௌர்ணமி வரை நாள் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து சாப்பிடு. மேல்தெருவில் யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

நீ சைவம் என்பதை ஒரு வாரம் முன்பே சொல்லி வை. தட்டு வந்தபின் சொன்னால் சமைத்தவர் மனம் நோகும். அவலும் தயிரும் ஊறுகாயும் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஆடு வெட்டுவதைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டாதே. மூங்கில் ஊஞ்சல் கட்டினால் கூச்சப்படாமல் ஏறு. தசைனில் ஒரு தடவையாவது கால் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பார்கள்.

பொங்கலுக்கு ஏங்குவாய் என்று தெரியும். அதே சமயத்தில் அங்கே மாகே சங்கராந்தி வரும். கிழங்கும் நெய்யும் எள்ளுருண்டையும் சாப்பிடுவார்கள். வெல்லத்துக்குப் பதில் ‘சாக்கு’ என்ற அவர்களுடைய கெட்டிப் பாகைப் போட்டுப் பொங்கல் வை, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடு. அன்றைக்கு நீ வீட்டுக்காரன், தாராளமாகப் பரிமாறு.

இப்போதைக்கு ஒரு காரியம் செய். பள்ளி மூடுவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் ‘தசைனுக்கு நான் இங்கேதான் இருப்பேன்’ என்று சொல்லிவிடு. எந்த வீட்டுக்கு எப்போது வர வேண்டும் என்பதை ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

அன்புடன்,
அண்ணன்