மலை ஏறப் போறீங்களா? முதலில் தண்ணீர்க் கணக்கு!

குற்றாலம் என்றாலே தண்ணீர்தான். பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று திரும்பின பக்கமெல்லாம் அருவி. "அங்கே போறதுக்குத் தண்ணி வேற சுமக்கணுமா டாக்டர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வேண்டாம். மலை ஏறுகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில் ஏறுவதற்கு மலைகளுக்கா பஞ்சம்? பண்பொழியில் திருமலை முருகன் கோவில். கடையம் போகும் வழியில் தோரணமலை. பேரருவிக்கு மேலே சுமார் 2 கி.மீ. ஏறினால் செண்பகாதேவி; அங்கே வனத்துறை அனுமதிக்கும் சித்ரா பௌர்ணமி போன்ற நாட்களில் மட்டும்தான் போக முடியும். சித்திரை என்றால் கோடை உச்சம். அருவியே வறண்டு கிடக்கலாம்.

தாகம் தாமதமாக வரும்

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. அதில் நீர்வேட்கை ஒன்று. தாகத்தை அடக்கினால் நோய் என்பது நம் பாடம். ஆனால் மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைய ஆரம்பித்த பிறகுதான் தாகமே எடுக்கும். வயதானவர்களுக்கு அது இன்னும் மந்தம்.

சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக ஜிலுஜிலுவென்று காற்று வரும். ஏறுகிற உடம்பு வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். சாரல் ஈரத்தில் வியர்வை தெரியாது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். மலையிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். "குளுகுளுன்னு இருந்துச்சு டாக்டர், தாகமே எடுக்கலை" என்றார். மூன்று மணி நேரத்தில் அவர் குடித்தது ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்!

தூரம் அல்ல, நேரம்

"ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று கணக்குப் போடாதீர்கள். சமதரையில் அரை மணியில் நடக்கும் தூரம், மலையில் ஒன்றரை மணியாகும். எனவே தூரத்தை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கு மணிக்கு அரை லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் முக்கால் லிட்டர். சுமையோடு செங்குத்தாக ஏறினால் ஒரு லிட்டர் வரைகூட ஆகலாம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல். இந்த மொத்தத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். வழி தவறினாலோ, யாருக்காவது முடியாமல் போனாலோ அதுதான் கைகொடுக்கும்.

உதாரணத்துக்குத் தோரணமலையை எடுத்துக்கொள்வோம். சுமார் ஆயிரம் படிகள். ஏற, தரிசனம் செய்ய, இறங்க மூன்று மணி நேரம் என்று வையுங்கள். பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், கூடுதலோடு இரண்டு. பிள்ளைக்கு ஒன்று. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு லிட்டர், அதாவது ஆறு கிலோ! எல்லாவற்றையும் அப்பா தலையில் கட்டாதீர்கள். அவரவர் தண்ணீர் அவரவர் தோளில் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பையன் தவிக்கக் கூடாது பாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு டம்ளர் குடித்துவிடுங்கள். வழியில் கால் மணிக்கு ஒரு தரம் நாலைந்து மடக்கு போதும். உச்சிக்குப் போகும் முன்பே பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா? யோசிக்காமல் திரும்பிவிடுங்கள்.

வெறும் தண்ணீர் போதாது

வியர்வையில் உப்பும் போகிறது. உப்பில்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரையே குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் வரும். உப்பும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோர், உப்பு சேர்த்த எலுமிச்சைச் சாறு, சுக்குப் பானகம் நல்லது. மோரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள், வெயிலில் கெடும். புளிப்பானதைச் செம்பு, அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். எவர்சில்வர் பாட்டில் நல்லது. தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கு 2019 ஜனவரி முதலே தடை இருப்பது ஞாபகம் இருக்கட்டும்.

ஓடைத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர்தானே?

இந்த நம்பிக்கை நம் ஊரில் அதிகம். மூலிகைகள் நிறைந்த மலைதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே மிருகங்களும் குடிக்கின்றன, மனிதர்களும் குளிக்கிறார்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் தண்ணீர் வழியாக வரக்கூடியவை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னவர் நம் தேரையர். தளதளவென்று கொதித்து ஆறிய நீரை அன்றைக்கே குடியுங்கள்.

இன்னொன்று. பாட்டிலை நிரப்பவென்று ஓடைக்குள் இறங்காதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

நீர்க்குறி பாருங்கள்

தோரணமலையைத் தேரையரோடு சேர்த்துப் பேசுவது இங்கத்திய மரபு. சிறுநீரைப் பார்த்து நோயறியும் நீர்க்குறியும் அவர் பெயரில் வழங்குவதுதான். அதை நீங்களும் கொஞ்சம் பயன்படுத்தலாம். சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் தண்ணீர் போதும். நல்லெண்ணெய் நிறத்தில் கொஞ்சமாகப் போனால் போதவில்லை. உட்கார்ந்து குடித்துவிட்டு அப்புறம் நடங்கள். வழியில் கழிப்பிடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஏறுவதைப் பார்க்கிறேன். அது தப்பு. கிளம்பும் முன் போய்வாருங்கள், குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

யார் ஜாக்கிரதையாக இருக்கணும்?

பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்காரர்கள், இருதய, சிறுநீரக நோயாளிகள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். "தண்ணீரை அளவாகக் குடி" என்று சொல்லப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த நேரத்தில் உடம்பைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டுமல்லவா? கூடுதலாக ஒரு பங்கு எடுத்துப்போகச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான்.