எந்த பட்டன் என்று சொல்லாத பட்டன்

கேள்வி ஆய்க்குடியிலிருந்து வந்திருக்கிறது. வாசகரின் தங்கை மகனுக்குக் கண் பார்வை கிடையாது. சாரல் சீசனுக்கு வரும் நண்பர்களுக்காகக் குற்றாலத்தில் ரூம் போட, ஒரு தனியார் நிறுவனத்தின் இணையதளத்துக்குள் போயிருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக், தேதிக் கட்டத்தைத் தொட்டால் ‘பட்டன்’ என்கிறது. பக்கத்தில் தொட்டாலும் ‘பட்டன்’தான். எது தேதி, எது பணம் கட்டுவது என்று தெரியவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிவரை போனால், படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளை அடிக்கச் சொல்கிறது கேப்சா. போன் போட்டுக் கேட்டதற்கு, “பக்கத்துல யாரையாவது பார்த்து அடிக்கச் சொல்லுங்க தம்பி” என்றார்களாம். தனியார் கம்பெனியைச் சட்டப்படி கேட்க முடியுமா என்பது மாமாவின் கேள்வி.

முடியும்.

ஆய்க்குடிக்காரர்களுக்குச் சாய்தளத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கேதான் இருக்கிறது. பெயரில்லாத பட்டனும் சாய்தளம் இல்லாத படிக்கட்டு மாதிரிதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிறுவனத்தோடு கம்பெனி, டிரஸ்ட், கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றையும் ‘நிறுவனம்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவந்திருக்கிறது. சேவை தருபவர் அதை எல்லோரும் பயன்படுத்தும்படி தர வேண்டும் என்கிறது 46-வது பிரிவு. பிராக்டோ என்ற மருத்துவ ஆப் மீது வந்த புகாரில், அதைச் சரிசெய்யும்படி டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் உத்தரவிட்டதும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான்.

உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணிடம், வங்கிக் கணக்குக்கான கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். எப்படிச் சிமிட்டுவார்? பிரக்யா பிரசூன் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் கூடவே 20 உத்தரவுகளையும் பிறப்பித்தார்கள். அதற்கு முன்பே, 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், வெறும் வழிகாட்டுதல்களாக இருந்த அணுகல் விதி செல்லாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தண்டனை? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89-வது பிரிவின்படி முதல் மீறலுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. முதல் தொகை பெரிய கம்பெனிக்கு டீச்செலவு.

மருமகன் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பட்டும். போனில் பேசியதற்கு ஆதாரம் நிற்காது. எந்தப் பக்கம், எந்தக் கட்டம், என்ன வாசித்தது என்று எழுத வேண்டும். பட்டனுக்கு ஒரு பெயர், படக் கேப்சாவுக்குப் பதில் ஓடிபி: கேட்பது இவ்வளவுதான். பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு போடலாம். சாட்சிகளை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. ஆனால் அவர் சொல்வது சட்டத்தின் பார்வையில் பரிந்துரைதான். ஏற்காதவர்கள் 3 மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும்.

மனுவோடு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்தால் போதாது. பார்வையுள்ள அதிகாரிக்கு அதில் எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும். டாக்பேக் குரலும் சேர்ந்து பதிவாகும்படி, இன்னொரு போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும்.