ரெட் ஒயினும் நம் ஊர் அறைவெப்பமும்

'ஒயின் ஷாப்' எங்கே என்று கேட்டால் தமிழ்நாட்டில் யாராக இருந்தாலும் வழி காட்டுவார்கள். 2003-இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தியும் பீரும்தான். பெயர் பழகிய அளவுக்குப் பண்டம் பழகவில்லை. அதனால்தான் கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக் கடலோர விடுதிக்குச் சாப்பிடப் போகிறவர்கள், மெனுவின் ஒயின் பக்கம் வந்ததும் தயங்குகிறார்கள். பிரெஞ்சுப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால் தயக்கம் தீரும் என்று நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கரையில் ஒயின் கேட்கிறவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: நம் வெயில், நம் மசாலா.

ரெட் ஒயினை அறைவெப்பத்தில்தான் குடிக்க வேண்டும், ஐஸில் வைப்பது நாகரிகமில்லை என்பது ஆழ வேரோடிய நம்பிக்கை. அந்த விதி குளிர்ந்த கல்வீடுகள் நிறைந்த ஐரோப்பாவில் பிறந்தது. அந்தக் காலத்தில் அங்கே அறைவெப்பம் என்றால் 16 முதல் 18 டிகிரி. சித்திரையில் கல்பாக்கம் 35 டிகிரியைத் தாண்டும், ஏ.சி. ஓடும் கூடத்திலேயே 24, 25 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் நெடி மூக்கில் முந்திக்கொள்ளும், பழமணம் பின்னால் போய்விடும். பாட்டிலைக் கால் மணி நேரம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்வது விதியை மீறுவது ஆகாது. விதி சொன்ன வெப்பத்துக்கே அதைக் கொண்டுவருவது. குளிர்ந்தால் சுவை செத்துவிடாதா என்று கேட்கலாம். அளவு மீறினால் துவர்ப்புதான் தூக்கலாகத் தெரியும், அதனால்தான் கால் மணி நேரம் என்கிறேன். லாரியிலும் கிடங்கிலும் வெந்துபோன பாட்டிலைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: தக்கை வாய்க்கு மேலே பிதுங்கியிருக்கும், கழுத்தில் கசிந்த கறை காய்ந்திருக்கும். அப்படி வந்தால் வேறு பாட்டில் கேளுங்கள். திருகுமூடி போட்டது மட்டம் என்பதும் தவறு. நியூசிலாந்து தன் ஒயினில் பெரும்பங்கைத் திருகுமூடியில்தான் அடைக்கிறது.

மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்ற சூத்திரத்துக்கு ஓரளவு காரணம் உண்டு. ஒயினில் இருக்கும் இரும்புச்சத்துதான் கடலுணவோடு சேர்ந்து வாயில் கவிச்சி அடிக்க வைக்கிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியென்றால் குற்றவாளி நிறம் இல்லை. இரும்பு குறைந்த சிவப்பு கெடுதல் செய்யாது. அதைவிட முக்கியம், நம் இலையில் மீன் வெறும் மீனாக வருவதில்லை. வஞ்சிரம் வறுவலில் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் அப்பியிருக்கும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும், துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். லேசான இனிப்புள்ள நாசிக் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் அதைத் தணிக்கும். புளி ஊற்றிய குழம்புக்குப் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று இருக்கும். அங்கே புளிப்புள்ள வெள்ளை ஒயினான சாவிஞான் பிளாங்க் ஈடுகொடுக்கும். ஆகவே 'மீனா, கறியா' என்பதைவிட 'காரமா, புளியா' என்பதே சரியான கேள்வி. நம் சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது கூம்படிச் சாடித் துண்டுகள் கிடைத்தன. பழங்காலத்தில் மேற்கிலிருந்து ஒயினும் எண்ணெயும் கப்பலேறியது இவ்வகைச் சாடிகளில்தான்.

விலை கூடினால் சுவை கூடும் என்பதற்கும் ஆதாரம் மெலிவு. 2008-இல் வெளியான ஆய்வொன்று, லேபிளை மறைத்து நடந்த 6,000-க்கும் மேற்பட்ட சுவைத்தல்களை அலசியது. பயிற்சியில்லாதவர்கள் விலை கூடியதைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலம் 150 சதவீதச் சுங்கவரி இருந்த நாடு இது. நம் மெனுவில் உள்ள விலையில் சுவையைவிட வரியே அதிகம் பேசுகிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் குடிப்பவர்களுக்கும் ஆறுதல் இல்லை: ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) வண்டியோட்டித் திரும்புகிறவர் குடிக்கவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்.

பரிமாறுபவர் முதலில் ஊற்றும் அந்த ஒரு வாய், பிடித்திருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல அல்ல. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி வாசமோ காடி நெடியோ அடித்தால் திருப்பிவிடலாம், அது உங்கள் உரிமை. பாட்டிலாக வாங்காமல் கிளாஸாகக் கேட்பவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: "இந்த பாட்டிலைத் திறந்து எத்தனை நாளாச்சு?" இரண்டு மூன்று நாளைத் தாண்டியிருந்தால், புதிதாக ஒன்றைத் திறந்து ஊற்றச் சொல்லுங்கள்.