பனங்கிழங்கும் மூன்று துறைகளும்



பொருளாதாரத்தை மூன்று துறைகளாகப் பிரிப்பர். இயற்கையிலிருந்து பெறுவது முதனிலைத் துறை; பெற்றதை வேறு பொருளாக்குவது இரண்டாம் நிலைத் துறை; ஏற்றி இறக்கி விற்பதும், வங்கி, கல்வி, மருத்துவம் போன்ற சேவைகளும் மூன்றாம் நிலைத் துறை.

சுருவிலில் ஒரு பனங்காணியை எடுத்துக்கொள்வோம். ஆவணி, புரட்டாதியில் கிடைக்கும் பனங்கொட்டைகளைப் பாத்தியிலிட்டு, தை மாதமளவில் கிழங்கு கிண்டுவது முதனிலைத் தொழில். பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இவை இரண்டாம் நிலை. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் கொண்டுசென்று விற்பது மூன்றாம் நிலை.

பச்சைக் கிழங்கு விரைவில் பழுதாகும். வந்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஒடியலோ மாதக்கணக்கில் இருக்கும். நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். ஆனால் மழை பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிலம், உழைப்பு, மூலதனம் மூன்றையும் இணைத்து, அந்த நட்டத்தையும் ஏற்கத் துணிபவரே முயற்சியாளர்.

தீவகத்தார் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து முன்னேறிய கதையை வீட்டுப் பெரியோரிடம் கேளுங்கள். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்வினால் ஊரில் பல தொழில்கள் அறுந்தன. எல்லாரும் உத்தியோகத்தையோ வெளிநாட்டையோ பார்த்திருந்தால், அவற்றை மீண்டும் தொடங்குவது யார்?

பயிற்சி: நூறு கிழங்கைப் பச்சையாக விற்றால் வருவதையும், ஒடியலாக்கி விற்றால் வருவதையும் விசாரித்து எழுதுங்கள். பை, பஸ் கட்டணம் ஆகியவற்றைக் கழியுங்கள். உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போட மறவாதீர்கள். மிஞ்சுவதே இலாபம்.